அலமாரிப் பெட்டிக்குள் ஒரு வலது கால்

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு பெண்ணின் வலது காலை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்பதால் இதை முதலில் எழுதிவிட்டு, நலம் விசாரிப்பதை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறேன். இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் நலம். பட்டறையில் வெட்டும் இயந்திரம் வேலையில்லாமல் மிகவும் நலம். நீங்கள் அங்கே உங்கள் நண்பர் வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்பது கேட்காமலே தெரிகிறது. போனை எடுக்காதவர்கள் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறார்கள், எடுக்கிறவர்களுக்குத்தான் இரத்த அழுத்தம். அழைத்தால் எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் பார்ப்பதில்லை. அதனால்தான் பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதில் பாதி கோபம், பாதி பழக்கம் விட்டுப் போனது.

காலின் சொந்தக்காரரை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு வந்தவர். ஒரு கம்பெனியில் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற வேலை, அதனால் பேக்கிங் அக்கா என்று கூப்பிடுகிறோம். அந்தக் கம்பெனிக் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி பின்பக்கமாக வந்து அவருடைய காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. வண்டி பின்னால் வரும்போது கத்துவதற்கு ஒரு ஒலிப்பான் இருக்குமே, அதைக் கழற்றிப் போட்டிருந்தார்களாம், மேலாளருக்குத் தலைவலி வருகிறது என்று. விசாரணையில் எழுதியிருப்பது ஊழியரின் கவனக்குறைவு. இப்போது பெரிய மனது பண்ணி ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை கம்பெனி மருத்துவர் முன்னால் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்து காட்டினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். காலை எடுத்தது அவர்கள் வண்டி, நின்று காட்ட வேண்டியது இவர். இதை ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தே பேசி முடிவெடுத்திருப்பார்கள் அல்லவா, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை அவர்களிடம் கொட்ட முடியாது. உங்களிடம் முடியும். உறவினர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

இனி உங்களுக்குத் தெரிந்ததையே எழுதப் போகிறேன், ஏனென்றால் 'எனக்கு எதுவும் தெரியாதே' என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். செயற்கைக் கால் வேண்டி வருகிறவரை மாடி அறையில் உட்காரவைத்து, காலின் மிச்சத்தைச் சுற்றி ஸ்கேனரை நகர்த்தி உருவத்தை எடுக்கிறோம். அந்த ஸ்கேனர் மேக் கணினியில்தான் ஓடும் என்று நீங்கள்தான் பழைய மேக் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவந்தீர்கள். கீழே பட்டறையில் வெட்டும் இயந்திரம் அந்த உருவத்தை நுரைக்கட்டியில் செதுக்கும். அதன் மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் கால் போய் உட்காருகிற கிண்ணம் கிடைக்கும், நாம் சாக்கெட் என்று சொல்வது. அது ஒரு நூல் பிசகினாலும் ஆள் நிற்க மாட்டார், நின்றால் அழுவார். அந்த இயந்திரத்தை ஓட்டுகிற மென்பொருள் பழைய விண்டோஸைத் தவிர வேறு எதிலும் ஓடாது என்பதால், எல்லோரும் தூக்கிப்போட்ட காலத்துக் கணினி ஒன்று தூசியோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அலமாரிக்குள் நீங்கள் கோத்து வைத்த லினக்ஸ் பெட்டி. மாடியிலிருப்பவர் அதில் கோப்பைப் போடுவார், கீழே இருப்பவர் எடுத்துக்கொள்வார். 'ரெண்டு வீட்டுக்காரங்களும் நேர்ல பேசிக்க மாட்டாங்க, இது கல்யாணத் தரகர்' என்று நீங்களே எனக்கு விளக்கினீர்கள். அப்போது சிரித்தேன். அந்தத் தரகரிடம் போக ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். பெயர் 'தலைவர்', நீங்களே உங்களுக்குச் சூட்டிக்கொண்டது. மாடிக்கும் அதுதான், கீழுக்கும் அதுதான். கடவுச்சொல் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தட்டும்போது குடைபோல முதுகை வளைத்து விசைப்பலகையை மறைத்துக்கொள்வீர்கள். 'எழுதி வைங்க மாமா, அவசரத்துக்கு ஆகும்' என்று நான் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: 'நான் இருக்கேன்ல.'

எங்கே இருக்கிறீர்கள்?

சரி, சண்டைக்கு வருகிறேன். அதில் அப்பா பக்கம் நியாயம் இருப்பதாக நான் சொல்லமாட்டேன், உங்கள் பக்கம் இருப்பதாகவும் சொல்லமாட்டேன், ஏனென்றால் இரண்டு பேரும் பேசியதை காலுக்கு அளவு கொடுக்க வந்த பெரியவர் ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார், அவரை உட்காரச் சொல்ல இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அப்பா மேக்கில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தப் போனார். நீங்கள், "அத்தான், உங்களுக்குப் புரியாது, கைய எடுங்க" என்றீர்கள். அப்பா, "இது என் பட்டறைடா" என்றார். "அப்ப நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் கோப்பையை மட்டும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வீட்டை விட்டு வெளியேறுகிறவர் கோப்பையைக் கழுவிக்கொண்டிருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா, "எங்கெல்லாம் அவன் பேரு இருக்கோ, எல்லாத்தையும் எடு" என்றார். பெயர்ப்பலகையில் இருந்ததை பிளேடால் அவரே சுரண்டினார், பாதியில் கை வலித்து விட்டுவிட்டார். இப்போது பலகையைப் பார்க்கிறவர்கள் நம் பட்டறையை உங்கள் பெயரின் பின்பாதி நடத்துவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கணினியில் இருக்கிற பெயரை எடுக்கத் தெருமுனைக் கணினிக் கடைக்காரர் வந்தார். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பதால் ஊரே அவரை டை என்றுதான் சொல்கிறது. நல்ல மனிதர், கேட்டதைச் செய்வார், கேட்காததையும் செய்வார். நீங்கள் போன வேகத்தில் அந்த அலமாரிப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை மேக்கில் திறந்தபடியே விட்டுப் போயிருந்தீர்கள். டை அதில் 'முதலாளி' என்று புதிதாக ஒரு பெயரை உண்டாக்கி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா முகத்தில் அன்று இருந்த பூரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு மேக்கிலிருந்து 'தலைவர்' என்பதை மறக்கச் செய்துவிட்டு 'முதலாளி' என்று நுழைத்தார். கீழே இருக்கிற விண்டோஸை மட்டும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "சார், இதத் தொட்டா செத்துடும், இது அப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால் மாடியில் அப்பா பெயர், கீழே இன்னமும் உங்கள் பெயர். கடைசியில் கிளம்பும்போது நல்ல வேலைக்காரராக அந்த நிர்வாகப் பக்கத்தில் 'வெளியேறு' என்பதை அழுத்திவிட்டுப் போனார். அவர் ஆயுளில் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக்குள் நுழைய யாராலும் முடியவில்லை. அது கடவுச்சொல் கேட்கிறது. கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் கோப்பையோடு இருக்கிறீர்கள்.

பேக்கிங் அக்காவின் காலை ஸ்கேன் செய்து பெட்டியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். விண்டோஸில் பெட்டியையே காணவில்லை. வலைப்பின்னலில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. அப்பாவிடம் சொன்னால் எப்போதும் ஒரே வைத்தியம்தான், "அணைச்சுப் போடு." அணைத்துப் போட்டேன். மாடியையும் அணைத்துப் போட்டேன், பெட்டியையும் அணைத்துப் போட்டேன், மூன்றையும் சேர்த்து அணைத்துப் போட்டேன், பயத்தில் மின்விசிறியையும் அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் அப்பாவே மெதுவாக ஆரம்பித்தார். "நேத்து அது என்கிட்ட ஒரு கேள்வி கேட்டுச்சு." எது கேட்டது? "அதான், கீழ இருக்கிற கம்ப்யூட்டர். இது வீடா, அலுவலகமா, பொது இடமான்னு கேட்டுச்சு." நீங்க என்ன சொன்னீங்க? "நாலு பேரு வந்து போற இடம், பொது இடம்தானே? பொய் சொல்லவா சொல்ற?" பொது இடம் என்றதும் அந்தக் கணினி பேருந்து நிலையத்தில் தனியாக நிற்கிற மாதிரி பயந்துபோய் யாரையும் பார்ப்பதில்லை, யாருக்கும் முகம் காட்டுவதும் இல்லை என்று முடிவு செய்துவிட்டது. வாழ்நாளில் எத்தனையோ இடங்களில் நெளிவு சுளிவாக நடந்துகொண்ட மனிதர், உண்மை பேசுவதற்கு ஒரு கணினியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அதை அலுவலகம் என்று மாற்றினேன். பெட்டியின் எண் முகவரியை நேராகத் தட்டினேன். மாமா, கதவு திறந்தது. கோப்புறை தெரிந்தது, அதற்குள் பேக்கிங் அக்காவின் கோப்பும் தெரிந்தது. நான் அப்பாவைக் கூப்பிட்டேன், அப்பா அம்மாவைக் கூப்பிட்டார், மூன்று பேரும் திரையைச் சுற்றி நின்றுகொண்டோம். இரண்டு முறை சொடுக்கினேன். அனுமதி மறுக்கப்பட்டது, நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று வந்தது. அப்பா சத்தமாகப் படித்துவிட்டு, "யாருடி நிர்வாகி?" என்றார். அம்மா, "என் தம்பிதான்" என்றாள். அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் கவனித்தேன், அப்பாவும் கவனித்தார்.

பிறகு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். நீங்கள் இருந்தபோது போட்டவை எல்லாம் கீழே சமர்த்தாகத் திறக்கின்றன. அப்பா பெயரில் போட்டது மட்டும் திறக்கவில்லை. மாடிக்கு ஓடி மேக்கில் அந்தக் கோப்பின் விவரத்தைத் திறந்து, எல்லோரும் படிக்கலாம் என்று மாற்றினேன். அது சரி சரி என்று தலையாட்டியது. கீழே ஓடிவந்தால் மறுபடியும் அனுமதி இல்லை. மறுபடி மாடிக்குப் போய்ப் பார்த்தால், மாற்றியது மாறாமல் பழையபடியே இருக்கிறது. முகத்துக்கு நேரே சரி என்று சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் நினைத்ததைச் செய்கிற குணம் இந்த வீட்டுக் கணினிக்குக்கூட வந்துவிட்டது. ஆக, நீங்கள் போகிற போக்கில், தலைவர் பெயர் இல்லாத எதுவும் கீழே வெட்டப்படக் கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், போனை எடுத்து.

பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று நீங்கள் இப்போது கேட்பது எனக்குக் கேட்கிறது. டையும் அதைத்தான் கேட்டார். கீழே கூட்டிப்போய்க் காட்டினேன். போன முறை கணினிக்கு வைரஸ் வந்த சமயத்தில், இனி யாரும் கண்டதைச் செருகக் கூடாது என்று அந்தக் கணினியின் துளை ஒவ்வொன்றிலும் சூட்டுப் பசையை ஊற்றி அடைத்தவர் யார்? டை குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், இது என்ன, பல் அடைச்ச மாதிரி இருக்கு" என்றார். குண்டூசியால் தோண்டிப் பார்த்தோம். பசை வந்தது, கூடவே துளையின் உள்பக்கமும் வந்தது. வைரஸ் வரக்கூடாது என்று இணையத்தையும் அறுத்து வைத்திருக்கிறீர்கள், மின்னஞ்சலும் முடியாது. பழையபடி மாவுக்கட்டு போட்டு அச்செடுக்கலாம் என்றால், அப்பாவின் மணிக்கட்டு போய்த்தானே இயந்திரமே வாங்கினோம்? அந்தக் கணினிக்கு வெளி உலகத்திலிருந்து ஒரே வழிதான் விட்டிருக்கிறீர்கள், அது உங்கள் வழியாக.

அப்புறம் கடவுச்சொல்லை ஊகிக்கும் படலம். இதைக் குடும்ப விளையாட்டு மாதிரி ஆடினோம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அம்மா உங்கள் பிறந்த தேதியைச் சொன்னாள், இல்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் வளர்த்த நாயின் பெயரைச் சொன்னாள், இல்லை. கொஞ்சம் தயங்கி, உங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்ட அந்தத் தட்டச்சுப் பள்ளிப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். அப்பா, "அட, இது எனக்குத் தெரியாதே" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார், கால் விஷயத்தை மறந்தே போனார். அதுவும் இல்லை. கடைசியில் அப்பா, "என் பேரப் போட்டுப் பின்னால ஒழிகன்னு போட்டுப் பாரு, அவன் வேற என்ன வெச்சிருப்பான்" என்றார். போட்டேன். மாமா, அது இல்லை என்று தெரிந்தபோது அப்பா முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றமும் ஒரு சின்ன நிம்மதியும் ஒன்றாக வந்து போயின. அதற்குள் பெட்டிக்குச் சந்தேகம் வந்து, இனி கொஞ்ச நேரத்துக்கு யார் வந்தாலும் பேசமாட்டேன் என்று சாத்திக்கொண்டது. உங்கள் குணம் அப்படியே.

இதற்கு நடுவில் பேக்கிங் அக்கா வந்தார். இரண்டு பேருந்து மாறி, கக்கத்தில் கட்டையோடு. ஓட்டுநர் நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்தினாராம், அங்கிருந்து நடந்து வந்திருக்கிறார். வந்ததும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு நேராக, "என் கால் எங்கம்மா?" என்றார்.

"பெட்டிக்குள்ள இருக்குக்கா."

"எந்தப் பெட்டி?"

அலமாரியைத் திறந்து காட்டினேன். பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "ஆயுசு பூரா பெட்டி அடைச்சதுக்கு, என்னையே பெட்டில போட்டு அடைச்சிட்டீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன், பிறகு இரண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.

"திங்கக்கெழமைக்குள்ள வந்துருமா?"

"வந்துரும்க்கா."

"அந்த டாக்டர் பாக்கணுமாம். கால் போன அன்னிக்கு வந்து பாக்கல, இப்ப நிக்கிறதப் பாக்க வர்றாராம். நிக்கலன்னா பொண்ண மேல படிக்க வெக்கிறது அவ்ளோதான், அவளும் அதே பேக்கிங் பெல்ட்டுக்குத்தான் வரணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க பெட்டியத் திறக்கத் தெரிஞ்சவரு எங்க?" என்றார்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்."

"எதுக்கு?"

நான் காரணத்தைச் சொன்னேன். கைய எடுங்க என்றது, என் பட்டறைடா என்றது, கோப்பை எல்லாவற்றையும். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவ்ளோதானா?" என்றார். அவர் கேட்ட தொனியை என்னால் தாளில் எழுத முடியவில்லை. அப்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பட்டறைக்குள் போய் ஏற்கனவே கூராக இருந்த ஒரு கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

மாமா, எனக்கு இதில் எது எரிச்சல் தெரியுமா? உங்களுக்கு நல்ல மனது இருக்கிறது. பேருந்துக்குக் காசில்லாமல் வந்தவர்களை உங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டுபோய் விட்டிருக்கிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் இல்லாவிட்டால் எதுவும் நடக்கக் கூடாது என்பதிலும் உங்களுக்கு ஒரு ருசி இருக்கிறது. அப்பாவும் அப்படித்தான், அடுப்பு எத்தனை சூட்டில் இருந்தால் பிளாஸ்டிக் இழுபடும் என்பதைக் கேட்டால் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, 'வந்துருச்சு' என்பார், எண்ணைச் சொல்லமாட்டார். அந்தக் கம்பெனி மேலாளரும் அப்படித்தான், ஒலிப்பானை வாங்கி வைப்பதும் கழற்றி வைப்பதும் அவர் கையில். ஒருவரிடம் மட்டும் இருக்கிற சாவிக்கு எல்லோரும் கும்பிடு போட வேண்டியிருக்கிறது. சாவியை வைத்திருக்கிறவருக்குக் கோபம் வந்தால், கடைசியில் யாரோ ஒரு பெண் கட்டையோடு நடக்கிறார். உங்களை அந்த மேலாளரோடு சேர்த்து எழுதியதற்கு நீங்கள் வருத்தப்படுவீர்கள். படுங்கள். வருத்தப்பட்டுக்கொண்டே கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் முகவரியைக் கேட்டால் அம்மா, "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க" என்கிறாள். ஆனால் உங்கள் மூட்டு வலித் தைலம் வீட்டில் ஒன்று குறைந்திருக்கிறது, தபால் நிலைய ரசீது அவள் பைக்குள் இருக்கிறது. எப்படியும் கறந்துவிடுவேன்.

உங்கள் நண்பருக்கும் அவர் வீட்டாருக்கும், உங்களைச் சகித்துக்கொண்டிருப்பதற்காக, என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்கள் குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், நீங்கள் அவர்கள் கணினியைத் தொடாமல் இருக்கும்வரை படிப்பார்கள். உங்கள் மூட்டு வலி குறையட்டும், உங்கள் கோபமும் அதோடு சேர்ந்து குறையட்டும். பெரியவர் என்பதால் நான் உங்களை ஆசீர்வதிக்க முடியாது, முடிந்தவரை செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகள்

பின்குறிப்பு: அம்மாவிடமிருந்து முகவரியைக் கறப்பதற்குள் நாள் ஓடிவிட்டது. அதற்குள் மேலே எழுதியதெல்லாம் தலைகீழாகிவிட்டது. இத்தனை பக்கத்தைத் திரும்ப எழுதப் பொறுமை இல்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன், நீங்கள் படித்ததை மனதுக்குள் அடித்துவிடுங்கள். காலைப் பூட்டியது நீங்கள் இல்லை. டையைப் பிடித்து உட்காரவைத்து, அன்று என்னதான் செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "மேடம், சார்தான் சொன்னாரு, என் ஃபைல அவன் கண்ணால பாக்கக் கூடாதுன்னு. அதுக்கு ஒரு டிக் இருக்கு, போட்டேன்" என்றார். அவன் என்று அப்பா சொன்னது உங்களை. பெட்டி புரிந்துகொண்டது, தலைவர் என்ற பெயரில் வருகிற யாரையும். கீழே இருக்கிற விண்டோஸ் இன்னமும் தலைவர்தான். ஆக, அப்பா தன் இயந்திரத்துக்கே தன் கோப்பைக் காட்டக் கூடாது என்று காவல் போட்டுவிட்டு, அதன் முன்னால் நின்று உங்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கழற்றவும் நிர்வாகப் பக்கம் வேண்டும், அது நடக்காது. கீழேயும் முதலாளி என்று நுழைக்கலாமே என்றால், டை மறுபடியும் தொட்டால் செத்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டார். ஆனால் டையிடம் கேட்ட பிறகுதான் உங்கள் கோப்புகளின் விவரத்தை முதல்முறையாகப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பூட்டு இல்லை, எல்லோரும் படிக்கலாம், எல்லோரும் எழுதலாம் என்று அத்தனையையும் திறந்து போட்டிருக்கிறீர்கள். எனவே மாடியிலிருந்து உங்கள் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டு, பேக்கிங் அக்காவின் காலை அதில் ஊற்றினேன். கோப்பு உங்களுடையது, கால் அவருடையது. கீழே இருக்கிற கணினி ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. நீங்கள் சோதனைக்காக உங்கள் முழங்காலையே ஸ்கேன் செய்து வைத்திருந்த கோப்பு அது. உங்கள் கால் போய்விட்டது மாமா, மன்னிக்க வேண்டும், அவசரம்.

அப்பாவே அடுப்பின் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக்கை இழுத்தார். முதலில் போட்டபோது எலும்பு முனையில் அழுத்தியது, சூடுபண்ணித் தள்ளிக்கொடுத்தோம். பேக்கிங் அக்கா திங்கட்கிழமை நின்றார். ஷிப்ட் முழுக்க நின்றார். மருத்துவர் கொஞ்ச நேரம் பார்த்தாராம், மிச்ச நேரம் போனைப் பார்த்தாராம். நாற்காலி யாரும் போடவில்லை, இவரும் கேட்கவில்லை. சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "நின்னுட்டேன்மா. இப்பக் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பேசறேன், ரெண்டு காலையும் நீட்டி" என்றார். வேலை இருக்கிறது.

ஆகவே கடவுச்சொல் கேட்டு நான் எழுதியதை விட்டுவிடுங்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரிசையில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு காலுக்கும் உங்கள் பழைய கோப்பு ஒன்றைக் காலிபண்ணிக்கொண்டிருக்கிறேன். நேற்று வேறு ஒரு விஷயத்துக்காக மேக்கில் ஒரு கோப்பின் விவரத்தைத் திறந்து, அந்தப் பெட்டியில் யார் யாருக்கு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். தலைவர் இருக்கிறார். முதலாளி இருக்கிறார். ஸ்கேன் எடுப்பது நான், உருவத்தைத் திருத்துவது நான், மாடிக்கும் கீழுக்கும் ஓடுவது நான், போன் எடுப்பதும் நான். அதில் நான் இல்லை. தலைவர் இருந்தபோது உங்கள் பெயரில் வேலை செய்தேன், முதலாளி வந்தபின் அவர் பெயரில் செய்கிறேன். அப்பாவிடம் கேட்டேன், பார்க்கலாம் என்றார். உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அப்பாவோடு பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. அந்தப் பெட்டியில் என் பெயருக்கு ஒரு கணக்கு வேண்டும். எல்லாவற்றையும் திறக்கவும் மூடவும் உரிமையோடு. எப்போது போட்டுக் கொடுக்கிறீர்கள்?